செடியை வெட்டும் முன்...

ஆசையாய் நட்ட செம்பருத்தி ஜன்னலை மறைக்கிறது. காகிதப்பூக் கொடி காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிவிட்டது. மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்தில் வசிப்போருக்கு மே மாதம் வந்தாலே இந்தக் கவலைதான். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் சாய்ந்த கிளை யார் தலையிலும் விழலாம். செம்பூரில் 2017 ஜூலையில் தென்னை மரம் விழுந்து, சாலையில் நடந்து சென்ற பெண் ஒருவர் உயிரிழந்தார்.

அதற்காக அரிவாளோடு இறங்கிவிடவும் முடியாது. மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த வளாகத்தில் நிற்கும் மரமானாலும் மர ஆணையத்தின் அனுமதியின்றி வெட்டுவது குற்றம். செடியா, மரமா என்று சந்தேகம் வந்தால் மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு வார்டு. செம்பூருக்கு எம் மேற்கு.

செடிதான் என்று உறுதியானபின் கருவி. கட்டைவிரல் பருமன்வரை நீண்ட கைப்பிடியுள்ள கத்தரி போதும். அதற்கு மேல் ரம்பம். காகிதப்பூவின் முள்ளுக்குத் தோல் கையுறை அவசியம். அரளியின் பால் நஞ்சு; வெட்டியதை எரித்தால் புகையும் ஆபத்து.

பலர் செய்யும் தவறு, தண்டைத் தரையோடு வெட்டிவிடுவது. பிறகு வேரை அசைக்கப் பிடிமானமே இருக்காது. இடுப்பளவுத் தண்டை விட்டுவைத்து, சுற்றிலும் மண்வெட்டியால் குழி பறித்து, பக்க வேர்களை அறுத்து, தண்டை முன்னும் பின்னும் ஆட்டினால் அடிக்கட்டை பெயர்ந்து வரும்.

கடையில் கேட்கும்போது வார்த்தையில் கவனம் தேவை. நம் கோடாலி மராத்தியில் 'குர்ஹாட்'. கிட்டத்தட்ட அதே ஓசையுள்ள 'குதள்' என்பது குந்தாலி! கடப்பாரைக்கு 'பஹார்'.

அந்தக் கடப்பாரையைத்தான் யோசித்து எடுக்க வேண்டும். கட்டடத்தை ஒட்டிய மண்ணுக்குள் தண்ணீர்க் குழாய், மின்கேபிள், சில இடங்களில் சமையல் எரிவாயுக் குழாயும் ஓடுகின்றன. ஓங்கிக் குத்தினால் விபரீதம். குழாய் போகும் வழியைச் சொசைட்டியில் விசாரித்துவிட்டு, கைக்கொத்தால் மெல்லக் கிளறுவதே பாதுகாப்பு.

தோட்டமே இல்லாத தாராவியிலும் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைக்கும். வளரவிட்டால் வேரோடு சுவரும் பெயரும். இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் கருவியே வேண்டாம். இரண்டு விரல் போதும்.