சார்காய்டோசிஸ்: மருத்துவர் எழுதாததைக் கோடர் எழுதலாமா?

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உயிரியல், நர்சிங், பார்மசி படித்த ஏராளமான இளைஞர்கள் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் படித்து, நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றுவதுதான் இவர்கள் வேலை. காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுப்பதும் மறுப்பதும் அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான். இந்த வேலையில் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள நுரையீரலைத் தாக்கும் சார்காய்டோசிஸ் நல்ல எடுத்துக்காட்டு.

என்ன நோய் இது?

நோயெதிர்ப்பு அணுக்கள் திரண்டு 'கிரானுலோமா' என்ற நுண்ணிய முடிச்சுகளாக உறுப்புகளில் தங்கிவிடுவதே சார்காய்டோசிஸ். ஏன் வருகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலோ மார்புக்குள் இருக்கும் நிணநீர்க்கணுக்களோ பாதிக்கப்படுகின்றன. 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, அந்தக் கணுக்கள்தான். தோல், கண், இதயம், நரம்பு எனப் பிற இடங்களிலும் வரலாம். வறட்டு இருமல், மூச்சிரைப்பு, ஓயாத களைப்பு ஆகியவை வழக்கமான அறிகுறிகள். ஒரு தொந்தரவும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் அகப்படுவதும் உண்டு.

ஒரு எண் பத்துக்கும் மேலானது

2015 செப்டம்பர் வரை அமெரிக்காவில் புழங்கிய ஐ.சி.டி-9 என்ற நோய்க் குறியீட்டு முறையில் சார்காய்டோசிஸ் எங்கே வந்தாலும் '135' என்ற ஒரே எண்தான். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி-10-சி.எம். நடைமுறைக்கு வந்தபோது அது 'டி86' என்ற குடும்பமாக விரிந்தது. நுரையீரல் மட்டும் என்றால் டி86.0. நிணநீர்க்கணு மட்டும் என்றால் டி86.1. இரண்டும் சேர்ந்திருந்தால் டி86.2. தோலுக்கு டி86.3. இதயத் தசைக்கு டி86.85. இடமே சொல்லப்படவில்லை என்றால் டி86.9.

புதியவர்கள் இங்கே இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். நுரையீரல் நோய் என்பதால் சுவாச நோய்களின் 'ஜே' அத்தியாயத்தில் தேடுவார்கள். இதுவோ ரத்தம், நோயெதிர்ப்புக் கோளாறுகளுக்கான அத்தியாயத்தில் இருக்கிறது. அடுத்து, இரண்டு இடத்திலும் நோய் என்றதும் டி86.0, டி86.1 இரண்டையும் போடுவார்கள். இரண்டையும் உள்ளடக்கிய டி86.2 இருக்கும்போது அப்படிப் பிரித்துப் போடுவது பிழை.

ஸ்டேஜ் 1 என்னும் கண்ணி

மார்பு எக்ஸ்ரேயை வைத்து இந்நோயை வகைப்படுத்தும் முறையை பிரிட்டிஷ் மருத்துவர் ஸ்காடிங் 1961இல் முன்வைத்தார். கணு வீக்கம் மட்டும் இருந்தால் ஸ்டேஜ் 1. கணுவோடு நுரையீரலும் என்றால் 2. நுரையீரல் மட்டும் 3. தழும்பேறி இறுகிய நுரையீரல் 4. இவை புற்றுநோயில்போல் படிப்படியாக ஏறுபவை அல்ல. ஸ்டேஜ் 1 பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். இந்த ஸ்டேஜ்களுக்கென்று தனிக் குறியீடும் கிடையாது.

இப்போது ஒரு சார்ட்டில் 'பல்மோனரி சார்காய்டோசிஸ், ஸ்டேஜ் 1' என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் நுரையீரல் என்கிறது. ஸ்டேஜ் கணு மட்டும் என்கிறது. டி86.0வா, டி86.1ஆ, டி86.2ஆ? அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கோடருக்கு இல்லை. மருத்துவரிடமே எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். இதற்குத் தொழிலில் 'க்வெரி' என்று பெயர். 'டி86.2 என்று போட்டுக்கொள்ளட்டுமா?' என்று வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. சார்ட்டில் உள்ள பரிசோதனை விவரங்களை எடுத்துக்காட்டி, பாதித்த இடம் எது என்று கேட்க வேண்டும். 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' என்ற வாய்ப்புகளும் அதில் இருக்க வேண்டும். எந்தப் பதிலுக்கு எவ்வளவு பணம் வரும் என்ற பேச்சே வரக் கூடாது.

'இருக்கலாம்' என்றால்?

மருத்துவர் 'சார்காய்டோசிஸாக இருக்கலாம்' என்று எழுதினால், புறநோயாளிக்கு அந்நோயின் குறியீட்டைத் தர முடியாது. இருமல், கணு வீக்கம் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே குறிக்க வேண்டும். உள்நோயாளியாக இருந்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அதே ஐயம் நீடித்தால், மருத்துவமனைக் கணக்கில் நோய் இருப்பதாகவே குறிக்கலாம். 

திசுப் பரிசோதனை அறிக்கையிலும் எச்சரிக்கை தேவை. 'உட்சிதைவு இல்லாத கிரானுலோமா' என்பது மைக்ரோஸ்கோப்பில் கண்ட காட்சி. நோயின் பெயர் அல்ல. பூஞ்சைத் தொற்றிலும், சில நேரம் காசநோயிலும்கூட அது தென்படும். 

'ஹிஸ்டரி ஆஃப் சார்காய்டோசிஸ்' என்று மருத்துவர்கள் போகிறபோக்கில் எழுதுவதும் தலைவலிதான். கோடிங் விதிப்படி அதற்கு 'முன்பு இருந்தது, இப்போது இல்லை' என்று பொருள், குறியீடு இசட்86.2. அதே நோயாளி அந்நோய்க்காகவே ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தால் கணக்கு உதைக்கும். அங்கும் க்வெரிதான் வழி.

நம் ஊரில் இது ஏன் முக்கியம்?

காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில் அதையும் சார்காய்டோசிஸையும் பிரித்தறிவதே முதல் சவால். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஒன்றுக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து; மற்றதற்குத் தேவைப்பட்டால் ஸ்டீராய்டு. காசநோயாளிக்குத் தவறுதலாக ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் முற்றிவிடும். அதோடு காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். ஆகவே தவறான பெயர் கோப்பில் ஏறினால் பாதிப்பு பில்லோடு நிற்பதில்லை.

மருத்துவர் எழுத வேண்டியது அதிகமில்லை: 'நுரையீரலிலும் மார்புக்குள் உள்ள நிணநீர்க்கணுக்களிலும் சார்காய்டோசிஸ், திசுப் பரிசோதனையில் உறுதியானது, காசநோய்ச் சோதனைகள் நெகட்டிவ், பிரெட்னிசோலோன் நீண்டகாலமாகத் தொடர்கிறது.' இதைப் படிக்கும் கோடர் டி86.2ஐயும், நீண்டகால ஸ்டீராய்டுக்கான இசட்79.52ஐயும் தயங்காமல் எழுதிவிடுவார். அடுத்து வேறு மருத்துவரிடம் போகும் நோயாளிக்கும் அதே வாக்கியம் கைகொடுக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரங்கள் விடுபட்டிருந்தால், வீடு திரும்புவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.