சாண எரிவாயுக் குழி ஏன் திடீரென நின்றுபோகிறது?

2022இல் சமையல் எரிவாயு சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வளவில் நாலைந்து மாடுகள் நிற்கும் குடும்பத்துக்குச் சாண எரிவாயுக் குழி நல்லதொரு மாற்றுவழி. ஆனால், நன்றாக எரிந்த அடுப்பு மெல்ல மங்கி அணைந்துபோக, கடன்பட்டுக் கட்டிய குழி கைவிடப்படுவதும் உண்டு. குழியில் வெடிப்போ குழாயில் கசிவோ இல்லையென்றால், கோளாறு பெரும்பாலும் உள்ளே வாழும் நுண்ணங்கிகளிடையேதான் இருக்கும்.

ஒட்சிசன் இல்லாத அந்தக் குழிக்குள் இரண்டு கூட்டங்கள் வேலை செய்கின்றன. முதலாவது பற்றீரியாக்கள். அவை மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றை உடைத்து அசற்றிக் அமிலம் போன்ற அமிலங்களாகவும் ஐதரசனாகவும் மாற்றுகின்றன. இரண்டாவது கூட்டம் ஆர்க்கியா எனப்படும் வேறொரு நுண்ணங்கி வகை. பற்றீரியாக்கள் தந்ததை உண்டு மெதேனை வெளியிடுபவை இவையே. அடுப்பில் எரிவது அந்த மெதேன்தான்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. அமிலம் உண்டாக்கும் பற்றீரியாக்கள் சில மணித்தியாலங்களில் இரட்டிப்பாகிவிடும். மெதேன் உண்டாக்குபவற்றில் பலவற்றுக்கு நாட்கள் வேண்டும். ஒரே நாளில் வாளி வாளியாகச் சோறும் பழக்கழிவும் கொட்டினால் அமிலம் குவிந்து, மெதேன் கூட்டம் ஒடுங்கிவிடும். அப்போது வாயு வரும், ஆனால் சரியாகத் தீப்பிடிக்காது. அதில் காபனீரொட்சைட்டு கூடிவிட்டது என்பதே அதன் பொருள்.

உள்ளே எந்த இனம் செழிக்கும் என்பதை நாம் போடும் தீனியும் தண்ணீரும் தீர்மானிக்கின்றன. தீனி அளவோடு ஒழுங்காகக் கிடைத்தால் மெதனோத்ரிக்ஸ் மேலோங்கும். அசற்றிக் அமிலம் கூடினால், அதை ஓரளவு தாங்கும் மெதனோசார்சினா இடம்பிடிக்கும். கோழி எச்சமும் மீன்கழிவும் மிகுந்தால் அமோனியா கூடி, ஐதரசனை உண்பவை முன்னுக்கு வரும். இந்த மாற்றங்களுக்கு வாரக்கணக்கில் அவகாசம் தேவை. தண்ணீரை அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலோ, மெதுவாகப் பெருகும் ஆர்க்கியா பெருகுமுன்பே வெளியே அடித்துச் செல்லப்படும். எமது காலநிலையில் கரைசல் 40 நாட்களாவது உள்ளே தங்குவது நல்லது.

எனவே, அடுப்பு மங்கினால் மேலும் தீனி போடாதீர்கள். சில நாட்கள் நிறுத்திவையுங்கள். பிறகு, நன்றாக இயங்கும் வேறொரு குழியின் கரைசலையோ புதிய சாணத்தையோ சேர்த்து, சிறிது சிறிதாகத் தீனியைக் கூட்டுங்கள். மாட்டுக்கொட்டில் கழுவிய கிருமிநாசினி நீரும், அன்டிபயோட்டிக் ஏற்றிய மாட்டின் சாணமும் குழிக்குள் போகக்கூடாது. என்ன கோளாறு என்று பார்க்க எவரும் குழிக்குள் இறங்கவே கூடாது. உள்ளிருக்கும் வாயு உயிரைப் பறித்துவிடும்.