தாய் இருந்த சங்கத்தில் மகளுக்கு இடமுண்டா?



'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது நாமெல்லாம் அறிந்த பழமொழி. அப்படியானால், தாய் உறுப்பினராக இருந்த சங்கத்தில் மகளுக்கும் முன்னுரிமை தர வேண்டுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல தலைமுறைகளாகவே இருந்துவரும் கேள்வி இது. இன்று அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

அங்கே மாணவியர் நடத்தும் சங்கங்களைச் 'சொராரிட்டி' என்பர். சகோதரி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இச்சங்கங்களுள் ஒன்றான 'காப்பா ஆல்ஃபா தீட்டா' 1870-ஆம் ஆண்டில் இண்டியானா மாநிலத்தில் தோன்றியது. 1902-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு பொது அமைப்பையும் நிறுவிக்கொண்டன. ஒருமுறை சேர்ந்தவர் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் உறுப்பினராகவே கருதப்படுகிறார். ஆகவே, தம் மகளும் அங்கே சேர வேண்டுமெனத் தாய்மார் ஆசைப்படுவது இயல்பே.

உறுப்பினரின் மகள், பேத்தி, உடன்பிறந்தாள் ஆகியோருக்கு 'லெகசி' என்று பெயர். நாம் இவர்களை 'வழிவந்தோர்' எனலாம்.

உறுப்பினர் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது? புதிய மாணவியர் ஒவ்வொரு சங்கத்தின் இல்லத்திற்கும் சென்று அங்குள்ளோரைச் சந்திப்பர். சுற்றுக்குச் சுற்று இரு தரப்பினரும் தத்தம் விருப்பத்தைத் தெரிவிப்பர். பட்டியல் படிப்படியாகச் சுருங்கும். வழிவந்த மாணவியைத் தொடக்கத்திலேயே கழித்துவிடாமல் அடுத்த சுற்றுக்கு அழைக்க வேண்டும், இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டால் பட்டியலின் மேல்வரிசையில் வைக்க வேண்டும் என்று பல சங்கங்கள் விதி வைத்திருந்தன. ஆயினும், இடம் உறுதி என்று எந்த விதியும் கூறவில்லை. தாயின் சங்கம் தன்னை மறுத்துவிட்டதே என்று மகள் கண் கலங்குவதும், தாய் மனம் நொந்து சங்கத்தையே வெறுப்பதும் உண்டு.

இதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். ஒரு சங்கத்தில் 50 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழிவந்தோர் 40 பேர் என்றால், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த பெண்ணுக்கு எஞ்சுவது எத்தனை?

அலபாமா பல்கலைக்கழகத்தில் 1963-க்குப் பிறகே கறுப்பின மாணவர்கள் நிலையாகப் பயில முடிந்தது. அதற்கு முன் அங்கு நுழையவே முடியாத ஒருவரின் பேத்தி, அந்த வளாகத்தில் எவ்வாறு வழிவந்தவள் ஆவாள்? 2013-ஆம் ஆண்டில், கறுப்பின மாணவியரை வெள்ளையர் சங்கங்கள் சேர்த்துக்கொள்ள மறுத்ததையும், அதில் முன்னாள் உறுப்பினர் சிலரின் தலையீடு இருந்ததையும் அங்குள்ள மாணவர் செய்தித்தாள் வெளிப்படுத்தியது. பல்கலைக்கழகத் தலைவி தலையிட்டுச் சேர்க்கையை மீண்டும் திறக்கச் செய்தார். கறுப்பின மாணவியர் சிலர் அதன்பின் சேர்ந்தனர்.

2020-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும், இன ஒதுக்கல் பற்றிய விவாதம் நாடெங்கும் வலுத்தபோது, பல சங்கங்கள் வழிவந்தோருக்கான முன்னுரிமையை நீக்கின. மகள் சேரக்கூடாது என்பதன்று இதன் பொருள். மற்றப் பெண்களைப் போலவே அவளும் தன் குணத்தையும் ஆர்வத்தையும் காட்டிச் சேரலாம் என்பதே.

நேயர்களே, தாயின் அன்பும் அனுபவமும் மகளுக்குச் சேரும் சொத்து. ஆனால், பொதுவான ஓர் இடத்தின் கதவு அந்தச் சொத்து இல்லாதவளுக்கும் திறந்திருக்க வேண்டும் அல்லவா?