படிவம் மாறினால் பழைய பதிவுகள் என்னாகும்?

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு ஒரு சிறு சங்கடம் நன்கு பழக்கமானது. வங்கியிலோ மருத்துவமனையிலோ ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அதில் பெயருக்கு ஓர் இடம், குடும்பப் பெயருக்கு மற்றோர் இடம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு ஒற்றைப் பெயருடன் வாழும் நாம், இரண்டாம் இடத்தில் எதை எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி நிற்போம். சில ஆண்டுகள் கழித்துச் சென்றால், நாம் எழுதித் தராத ஒரு குடும்பப் பெயர் நம் கணக்கில் ஏறியிருப்பதும் உண்டு. இதனை எழுத்தரின் கவனக்குறைவு என்று எண்ணிவிடுகிறோம். காரணம் வேறாகவும் இருக்கலாம். கணிப்பொறியில் உள்ள படிவம் இடையில் மாறியிருக்கும். பழைய பதிவுகள் புதிய படிவத்துக்குள் திணிக்கப்பட்டிருக்கும். இத்தகைய மாற்றத்தைப் பிழையின்றிச் செய்வது எங்ஙனம் என்பதையே இங்கே ஆராய்வோம்.

கணிப்பொறியில் தகவல்களைத் திரட்டி வைக்கும் ஏற்பாட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். அதில் ஒரு பிரிவு பொருள்நோக்குத் தரவுத்தளம். இயந்திரங்களையும் மின்சுற்றுகளையும் கணிப்பொறியின் துணைகொண்டு வடிவமைப்போரின் தேவையை முன்னிட்டு 1980களில் இது பெரிதும் வளர்ந்தது. இதில் 'மனிதர்' என்பதை ஒரு வகையாகக் கொண்டால், 'நோயாளி', 'ஊழியர்' ஆகியவை அதன் கிளைவகைகள். பிள்ளைகள் பெற்றோரின் சொத்தை அடைவது போலக் கிளைவகைகள் தாய்வகையின் பண்புகளை மரபுரிமையாகப் பெறுகின்றன. ஒவ்வொரு தனி நோயாளியின் பதிவும் ஒரு பொருள். வகைகளின் இந்த மொத்த அமைப்பை ஸ்கீமா என்பர்.

மரபுரிமை வசதியானது; அதே காரணத்தால் அபாயமானதும்கூட. தாய்வகையில் ஒரு பண்பைச் சேர்த்தால் அது கிளைகள் அனைத்துக்கும் பாய்கிறது. அதே பெயரில் ஒரு பண்பு கிளையில் முன்னரே இருந்தால் என்ன செய்வது? நடுவே உள்ள ஒரு வகையை நீக்கினால் அதன் கிளைகள் யாரைச் சார்ந்திருக்கும்? அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஓரியன் என்னும் தரவுத்தளத்தை உருவாக்கிய ஆய்வாளர்கள் இத்தகைய வினாக்களுக்கு 1987இல் முறையான விதிகளை வகுத்து வெளியிட்டனர். கிளை தனக்கென வைத்துள்ள பண்பே முந்தும். நடுவகை நீங்கினால் அதன் கிளைகள் அதற்கு மேலுள்ள வகையைச் சென்று சேரும். எந்த மாற்றத்துக்குப் பின்னும் அமைப்பு முரண்பாடின்றி நிற்க வேண்டும் என்பதே அவ்விதிகளின் நோக்கம்.

அமைப்பைத் திருத்துவது இவ்வாறு எளிதாகிறது. ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் இலட்சக்கணக்கான பொருள்களை என் செய்வது? இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, எல்லாவற்றையும் உடனே மாற்றிவிடுவது. ஜெம்ஸ்டோன் என்னும் தரவுத்தளம் தொடக்கத்தில் இதனைக் கைக்கொண்டது. வேலை ஒரேயடியாக முடிந்துவிடும்; ஆனால் அது முடியும்வரை பிறர் காத்திருக்க நேரும். இரண்டாம் வழி ஓரியன் கையாண்டது. பழைய பொருள் இருந்தபடியே இருக்கும். அதை ஒருவர் கேட்டு எடுக்கும்போது, நீக்கிய பண்பை மறைத்து, சேர்த்த பண்புக்கு ஒரு பொதுமதிப்பை இட்டுக் காட்டும். காத்திருத்தல் இல்லை, எனினும் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சிறிது உழைப்புக் கூடுகிறது. மூன்றாம் வழி, பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போன்ற ஒரு நிரலை அமர்த்துவது.

இந்த மூன்றாம் வழியை நம் நாடே ஒருமுறை கையாண்டது எனலாம். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தபோது, அணா நாணயங்கள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. சில ஆண்டுகள் இரண்டும் புழங்கின. நாலணாவுக்கு இருபத்தைந்து என்பதில் குழப்பமில்லை. ஓர் அணாவோ ஆறேகால் நயா பைசா; கால் நயா பைசாவுக்கு நாணயம் ஏது? அதை ஆறாகக் கொண்டபோது அந்தக் கால் பங்கு யாரோ ஒருவரின் கையைவிட்டுப் போயிற்று. ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது எல்லாத் தகவலும் சேதமின்றிப் பெயர்வதில்லை என்பதை இது காட்டுகிறது.

இனி நம் பெயருக்குத் திரும்புவோம். 'நா. குமரன்' என்று ஒரு பதிவு இருப்பதாகக் கொள்வோம். கடைசிச் சொல்லே குடும்பப் பெயர் என்று நிரல் எழுதுவோர் விதித்தால், குமரன் குடும்பப் பெயராகிவிடுவார், 'நா.' என்ற ஓரெழுத்து அவருடைய இயற்பெயராக நிற்கும். பின்னர் பள்ளிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் பொருந்தாமல், ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் அவர் அலைய நேரும். மேற்சொன்ன மூன்று வழிகளில் எதனைக் கொண்டாலும் இப்பிழை நீங்காது. பதிவு எப்போது மாறும் என்பதை மட்டுமே அவ்வழிகள் தீர்மானிக்கின்றன. எவ்வாறு மாற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் மனிதர்.

ஆகவே அனுபவமுள்ளோர் சில முறைகளைப் பேணுகின்றனர். புதிய பண்பைச் சேர்த்தாலும் பழையதை உடனே அழிப்பதில்லை. முழுப்பெயரை எழுதியவாறே ஓரிடத்தில் காத்து வைக்கின்றனர். 'குடும்பப் பெயர் இல்லை' என்பதையும் 'இன்னும் தெரியவில்லை' என்பதையும் வெவ்வேறாகக் குறிக்கின்றனர். முதலில் ஒரு நகலில் மாற்றிப் பார்த்து, பழைய பதிவுகளுடன் ஒப்பிடுகின்றனர். ஊகிக்க இயலாத இடத்தில் உரியவரையே கேட்டறிகின்றனர்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் இத்தொழிலிலேயே ஈடுபட்டுள்ளனர். படிவத்தின் முன் பேனாவுடன் நின்ற பெற்றோரை அவர்கள் கண்டிருக்கிறார்கள். பழைய பதிவுகளைப் புதிய வடிவுக்கு மாற்றும் பணி அவர்கள் கைக்கு வரும்போது, ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் அவ்வாறு ஒருவர் நிற்கிறார் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வார்களாக.