சலவையும் உலர்த்தலும் ஒரே பொறியில்

உப்பும் கருவாடும் புத்தளம் கரையோரத்தின் பழைய செல்வங்கள். இவ்விரண்டுக்கும் வேண்டிய முதல் வெயிலும் காற்றுமே. பாலாவி உப்பளப் பாத்திகளிலே தேங்கிய உவர்நீர் வற்றி வெண்மணியாக மாறுவதும், உடப்பு, கல்பிட்டி வாடிகளிலே பிளந்து பரப்பிய மீன் சில நாட்களில் கருவாடாவதும் இக்கரையில் அன்றாடக் காட்சிகள். இத்தகைய இடத்திலே வாழும் குடும்பமொன்று, துணி உலர்த்துவதற்கென மின்சாரம் செலவழிக்கும் பொறியை வாங்கலாமா என்று யோசிப்பது முதற் பார்வைக்கு வேடிக்கையாகத் தோன்றும். ஆனால், அந்த யோசனையை எளிதாகத் தள்ளிவிடுவதும் முறையன்று.

புத்தளத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,100 முதல் 1,200 மில்லிமீற்றர். கொழும்பில் பெய்வதில் இது பாதியளவே. எனினும், இம்மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வாரங்களிலே கொட்டித் தீர்க்கிறது. 2024ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் பெய்த மழை உப்பு விளைச்சலைக் கெடுத்தமையால், 2025இல் இந்நாடு உப்பை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. உப்புக்கே வெயில் போதாத காலத்தில், துணிக்கொடியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலைச் சீருடையோ வெள்ளை நிறம். இரண்டே சோடி உடைய பிள்ளை, நவம்பர் மாதத்துக் காலைப் பொழுதில் ஈரம் முற்றாக விலகாத சட்டையை அணிந்துகொண்டு வகுப்புக்கு வருவது இங்கே புதுமையன்று. அந்தச் சட்டையை முதல் நாள் இரவு அடுப்பருகே பிடித்தபடி நின்றவள் தாய் என்பதையும் மறந்துவிடலாகாது. ஆதலால், கடைக்காரர் காட்டும் பொறி அவளுடைய கண்ணுக்கு வெறும் ஆடம்பரமாகத் தெரியாது.

சரி, அப்பொறி யாது? ஒரே உருளையிலே துணியைத் தோய்த்து, அலசி, பிழிந்து, பின்னர் சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தியும் தருவது அது. 1950களிலேயே அமெரிக்காவில் இத்தகைய இணைப்புப் பொறிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. இலண்டன் போன்ற நகரங்களிலே முற்றம் இல்லாத மாடிக் குடியிருப்புகளும், மாதக்கணக்கில் வெயில் காணாத குளிர்காலமும் இதற்கு ஆதரவளித்தன. அவ்வாறான சூழலுக்குப் பிறந்த பொறி, மணற்றரையும் தென்னை நிழலும் உள்ள வளவுக்கு அப்படியே பொருந்துமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வாங்குவோர் முதலிலே கவனிக்க வேண்டியது, பொறியின் முகப்பில் எழுதப்பட்டுள்ள இரண்டு எண்கள். எட்டுக் கிலோகிராம் தோய்க்கும் பொறி ஐந்து கிலோகிராம் மாத்திரமே உலர்த்தும் என்பது வழக்கமான கணக்கு. உலரும் துணி காற்றோடு கலந்து புரள இடம் வேண்டும் அல்லவா? ஆகவே, உருளை நிரம்பத் தோய்த்துவிட்டு அப்படியே உலர்த்த முற்பட்டால், துணி ஒருபுறம் வெந்தும் மறுபுறம் நனைந்தும் வெளிவரும். ஒரு பகுதியை வெளியே எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு மீண்டும் கொடிதான் கதி. மேலும், தோய்ப்பது முதல் உலர்வது வரை ஐந்து, ஆறு மணித்தியாலம் செல்வதும் உண்டு. அவ்வளவு நேரமும் வேறு துணியைத் தோய்க்க இயலாது. ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய இடையூறு. மூவர் உள்ள குடும்பத்துக்கு அவ்வளவாக இல்லை.

அடுத்தது மின்சாரக் கணக்கு. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,300 கிலோயூல் வெப்பம் தேவை. ஓரலகு மின்சாரம் தருவது 3,600 கிலோயூல். அதாவது, கிலோகிராம் நீருக்கு மூன்றில் இரண்டு அலகு என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு கிலோகிராம் பருத்தித் துணி, நிமிடத்துக்கு 1,400 சுற்று வேகத்தில் பிழிந்த பின்னரும் சுமார் இரண்டு கிலோகிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். அதை வெளியேற்ற எந்தப் பொறிக்கும் ஒன்றேகால் அலகுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். உருளையும் துணியும் சூடேறுவதையும், வெளியே கசியும் வெப்பத்தையும் சேர்த்தால், சாதாரணச் சூடாக்கி உள்ள பொறி இரண்டு முதல் மூன்று அலகு வரை கேட்கும். வாரத்துக்கு மூன்று முறை உலர்த்தினால் மாதத்துக்கு முப்பது அலகு கூடிவிடும். இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் இயல்புடையது. 60, 90, 120, 180 என்னும் எல்லைகளைத் தாண்டுந்தோறும் விலையும் ஏறும். மாதம் எழுபது அலகு செலவிடும் சிறு வீடு நூறைத் தொடும்போது, கூடுவது அந்த முப்பதின் விலை மாத்திரமன்று. எல்லையொன்றைத் தாண்டியதன் விலையும் சேர்ந்துகொள்ளும். வெப்பப் பம்பி பொருத்திய பொறிகள் வெளியேறும் வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்துவதால், உலர்த்துவதற்கு இதில் பாதியளவே செலவிடும். ஆயின், அவற்றின் விலை சிறு வீட்டாரை மலைக்க வைக்கும்.

இவ்விடத்திலே நேயர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. நீரைச் சூடாக்கி விரட்டுவதிலும் பார்க்கச் சுழற்றி விரட்டுவது பன்மடங்கு மலிவு. இரட்டைத் தொட்டியுடைய அரைத் தானியங்கிப் பொறியின் பிழியும் தொட்டி, 200 வாற்று அளவிலான மோட்டரால் ஐந்து நிமிடம் சுழன்றால் செலவாவது அலகொன்றின் அறுபதில் ஒரு பங்கே. அவ்வாறு நன்கு பிழிந்த சட்டையை, சாரல் படாத விறாந்தைக் கொடியில் இடைவெளிவிட்டுத் தொங்கவிட்டு, மின்விசிறியொன்றையும் ஓடவிட்டால், மழைக்கால இரவிலும் பெரும்பாலும் காலைக்குள் அணியலாம். விசிறி எட்டு மணித்தியாலம் ஓடினாலும் அரை அலகு ஆகாது. சில கடைகளில் இப்பிழியும் தொட்டியையே ‘உலர்த்தி’ என்று சொல்லி விற்கிறார்கள். இஃது உலர்த்துவதன்று, பிழிவது மட்டுமே என்று தெரிந்துகொண்டு வாங்குவோருக்கு ஏமாற்றம் இராது.

தண்ணீர்ப் பிரச்சினையும் இக்கரையில் தனித்தன்மை வாய்ந்தது. கல்பிட்டிக் குடாநாட்டின் மணலடியிலே நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மிகையாக இறைத்தால் கிணறு உவர்க்கும். இணைப்புப் பொறிகளில் ஒரு வகை, ஈரக் காற்றைக் குளிர்வித்து நீராக்குவதற்கென உலர்த்தும் வேளையிலும் குழாய் நீரை ஓடவிடுகிறது. உலர்த்துவதற்குத் தண்ணீர் செலவழிப்பது விந்தைதான்! அதிலும், கூரைமேல் வெயிலில் கிடக்கும் கறுப்புத் தாங்கியின் நீர் வெதுவெதுப்பாக வருவதால் ஈரக் காற்று நன்றாகக் குளிர்வதில்லை, நேரம் நீளும். வனாத்தவில்லுப் பக்கத்தில் நிலத்தடி சுண்ணக்கல்லாகையால் கிணற்று நீர் கடினமானது. அத்தகைய நீரைச் சூடாக்கினால் சூடாக்கியின் மேல் வெண்பாறை படியும். அந்நீரிலே சவர்க்காரம் நுரைக்க மறுப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கடலுக்கு மிக அண்மையில், சோளகக் காற்று ஓயாது வீசும் மாதங்களிலே கொடியில் கிடக்கும் துணி, விரைவாகக் காய்ந்தாலும் மணலையும் உப்புத் துவலையையும் ஏந்திக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கடக்கும்போது உப்பு ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். ஆகையால் பகலில் காய்ந்த துணி இரவில் மீண்டும் பிசுபிசுக்கிறது. வீட்டின் காற்று மறைவுப் பக்கத்துக்குக் கொடியை மாற்றுவது ஓரளவு பயன் தரும். அதற்கும் இடமில்லாத வீடு, படுக்கையில் நோயாளி உள்ள வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, சிலாபம் நகரின் மேல்மாடியில் முற்றமின்றி வாடகைக்கு இருக்கும் தம்பதியர் ஆகியோருக்கு இணைப்புப் பொறி உண்மையாகவே உதவும். ஆண்டு முழுவதும் கொடியும், மழை வாரங்களிலே பொறியுமாக இவர்கள் பயன்படுத்துவாராயின், மேற்கூறிய முப்பது அலகு ஆண்டில் இரண்டு, மூன்று மாதத்துக்கு மட்டுமே வரும். வளவும் விறாந்தையும் உள்ள ஏனையோர், அதே பணத்தில் நல்ல பிழிசக்தியுடைய தனிச் சலவைப் பொறியொன்றை வாங்கி, எஞ்சிய தொகையில் விறாந்தைக்குத் தகரம் போட்டுக்கொள்வதே புத்தி.

வாங்குவதென்று தீர்மானித்தவர்கள் அளவுநாடாவோடு தொடங்குதல் நன்று. பொறி ஏறத்தாழ அறுபது சென்ரிமீற்றர் அகலமும், பின்னுள்ள குழாய்களுக்கு மேலதிக ஆழமும் கேட்கும். நிறையோ எழுபது கிலோகிராம் அளவு. சமமான சீமெந்துத் தளம் இன்றேல், பிழியும்போது அது இடம்விட்டு நகரத் தொடங்கும். பல பொறிகளுக்கு நீர் உட்செல்லக் குறைந்தது மூன்று முதல் ஐந்து மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் அழுத்தம் வேண்டும். கூரையோடு ஒட்டிய தாங்கி இதற்குப் போதாமற் போகலாம். 2,000 வாற்றுச் சூடாக்கி ஒன்பது அம்பியர் வரை மின்னோட்டம் இழுப்பதால், புவித்தொடுப்புடன் கூடிய தனி இணைப்பு இன்றியமையாதது. நீட்டிப்பு வடத்தில் செருகுவது ஆபத்து. உப்புக் காற்று இலத்திரனியற் பலகையையும் தகட்டையும் அரிக்கும் என்பதால், திறந்த விறாந்தையிலே வைக்கலாகாது. பழுதுபார்ப்பவர் புத்தளம் நகரோடு நின்றுவிடுவாரா, கல்பிட்டி வரை வருவாரா என்பதையும் கடையிலேயே கேட்டறிய வேண்டும். இப்பொறி பழுதானால் சலவை, உலர்த்தல் இரண்டுமே ஒருங்கே நின்றுவிடும். பொறி வீட்டுக்கு வந்த முதல் நாள், ஏனைய சாதனங்களை நிறுத்திவிட்டு, உலர்த்தல் தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் மின்மானியைப் பார்த்து எழுதிக்கொண்டால், ஒரு சுமை துணி எத்தனை அலகு உண்கிறது என்பது அவ்வீட்டாருக்கே தெரிந்துவிடும்.