லெட்டரில் இரண்டரை லட்சம், கையில் எவ்வளவு?

தாராவி 90 அடி சாலையில் ஒரு வீட்டுக்கு 'ஆஃபர் லெட்டர்' வந்தால், லட்டு அடுத்த சால் (வரிசை வீடுகள்) வரை போகும். "ரெண்டரை லட்சமாம்!" தோல் பதனிடும் வேலைக்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறான். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த லட்சம் வருஷக் கணக்கு.

2024 ஆகஸ்டில் ஐ.டி. நிறுவனமான காக்னிசன்ட் புதியவர்களுக்கு அறிவித்த 2.52 லட்சம் ஆண்டுச் சம்பளம் பலத்த கேலிக்கு ஆளானது. அது மூன்றாண்டுப் பட்டம் படித்தவர்களுக்கு, பொறியாளர்களுக்கு 4 லட்சம் முதல் தருகிறோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. தாராவிப் பிள்ளைகளில் பலர் படிப்பது அந்த மூன்றாண்டு பி.எஸ்சி. ஐ.டி.தானே!

2.52 லட்சத்தை 12 ஆல் வகுத்தால் 21,000. அதுவும் முழுசாக வராது. லெட்டரில் உள்ள தொகை சி.டி.சி., அதாவது கம்பெனிக்கு ஆகும் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். அடிப்படைச் சம்பளம் பாதி என்று வைத்து, பையன் கட்டும் பி.எஃப்., தொழில் வரி 200 ரூபாயையும் கழித்தால், கையில் நிற்பது சுமார் 17,800. செம்பூரில் தனி வீடு எடுக்க இது காணாது. அப்பா வீட்டிலிருந்தே சயானில் ரயிலேறி, தானேயில் மாறி, ஐரோலி அலுவலகத்துக்குத் தினமும் போய்வர வேண்டியதுதான்.

2011இல் புதியவர்களுக்கு 3.25 லட்சம், 13 ஆண்டு கழித்தும் 3.75 லட்சம்தானா என்று இன்ஃபோசிஸின் முன்னாள் நிதித் தலைவர் மோகன்தாஸ் பாய் 2024இல் கேட்டார். 2012-ஐ 100 என வைத்த சில்லறை விலைக் குறியீடு 2024 இறுதியில் 190-ஐத் தாண்டிவிட்டது. விலைவாசியோடு சேர்ந்து நடந்திருந்தால் அந்த 3.25 லட்சம் இன்று 6 லட்சத்துக்கு மேல். ஆனால் மேலே இருப்பவர்கள் கதை வேறு: மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ்.ஸின் தலைமை அதிகாரி 2024-25இல் பெற்றது 26 கோடிக்கு மேல்.

சந்தை விலை என்பார்கள். ஆள் வரிசையில் நிற்கும்வரை யார் உயர்த்துவார்கள்? மாட்டுங்காவில் சொந்த வீடுள்ள பையனுக்கு இந்தப் பணம் கைச்செலவுக்கு. இரண்டு வருஷம் பொறுத்து, கம்பெனி மாறிச் சம்பளத்தை ஏற்றிக்கொள்வான். தாராவிப் பையனுக்கு இதுதான் வீட்டு அரிசி. கம்பெனி தராத வாடகையை அப்பாவின் பத்துக்குப் பத்து அறைதான் தருகிறது. இதை நியாயச் சம்பளம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

லட்டு வாங்கும் முன், லெட்டரின் கடைசிப் பக்கத்துச் சம்பள விவரத்தைப் பாருங்கள். 'வேரியபிள்' (உறுதியில்லாத பங்கு) என்று ஒரு வரி இருந்தால், அதையும் கழித்துவிட்டு எண்ணுங்கள்.