தாராளக் கலைக் கல்வி

தாராளக் கலைக் கல்வி என்பது ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு ஆளைத் தயார் செய்வதை முதல் நோக்கமாகக் கொள்ளாத உயர்கல்வி முறை ஆகும். மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், கணிதம், இயற்கை அறிவியல், சமூக அறிவியல், கலைகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பித்து, தானே ஆராய்ந்து முடிவெடுக்கும் திறனை மாணவரிடம் வளர்ப்பது இதன் குறிக்கோள். 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரே பேச்சு வழக்கில் மிகுதியாக உள்ளது. இப்பெயர் ஓவியம், இசை போன்ற நுண்கலைகளை மட்டும் குறிப்பதில்லை. பள்ளிகளில் 'ஆர்ட்ஸ் குரூப்' எனப்படும் பாடப் பிரிவையும் குறிப்பதில்லை. கணிதமும் வானியலும் தொடக்கம் முதலே இதற்குள் அடங்கியவை.

பெயரும் தோற்றமும்

இலத்தீன் மொழியில் 'லிபர்' என்ற சொல்லுக்குச் சுதந்திரமானவர் என்பது பொருள். அடிமைகளும் கைத்தொழிலாளரும் செய்த வேலைகளிலிருந்து வேறுபடுத்தி, சுதந்திரக் குடிமகனுக்கு உரியவை எனக் கருதப்பட்ட கல்வித் துறைகளை ரோமானியர் இப்பெயரால் அழைத்தனர். அவையில் பேசவும், வழக்காடவும், பொதுக் காரியங்களில் முடிவெடுக்கவும் இக்கல்வி தேவைப்பட்டது. ஆகவே இந்தப் பெயரிலேயே ஓர் உயர்ந்த நோக்கமும் ஒரு குறையும் சேர்ந்தே உள்ளன. மனிதரைச் சுதந்திரமாகச் சிந்திக்க வைப்பது நோக்கம். அந்த வாய்ப்பு சிலருக்கு மட்டுமே கிடைத்தது குறை.

இடைக்கால ஐரோப்பாவில் இக்கலைகள் ஏழாக வகுக்கப்பட்டன. இலக்கணம், தருக்கம், சொற்கலை ஆகிய மூன்றும் மொழி சார்ந்தவை. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கும் எண் சார்ந்தவை. சட்டம், மருத்துவம், இறையியல் ஆகிய மேற்படிப்புகளுக்குச் செல்வோர் பொதுவாக இக்கலைகளைக் கற்ற பின்னரே சென்றனர்.

யாருக்கு எந்தக் கல்வி?

தொழிற்கல்வியா, பரந்த கல்வியா என்னும் விவாதம் புதியதன்று. அமெரிக்காவின் யேல் கல்லூரி 1828-இல் வெளியிட்ட அறிக்கை, தொழில் நுணுக்கங்களைக் கற்றுத் தருவது கல்லூரியின் வேலையன்று. எத்தொழிலுக்கும் பொதுவான அடித்தளத்தை இடுவதே அதன் வேலை என்று வாதிட்டது. ஆனால் அக்காலத்தில் அக்கல்லூரிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த வெள்ளையின ஆண்களே.

அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறை ஒழிந்த பின்னர் இவ்விவாதம் வேறு வடிவம் எடுத்தது. அடிமையாகப் பிறந்து, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீ கல்வி நிலையத்தை 1881 முதல் நடத்திய புக்கர் டி. வாஷிங்டன், கறுப்பின மக்கள் முதலில் விவசாயமும் கைத்தொழிலும் கற்றுப் பொருளாதாரத்தில் காலூன்ற வேண்டும் என்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் இதை 1903-இல் வெளியான தம் நூலில் மறுத்தார். தொழிற்பயிற்சி தேவை என்பதை அவர் ஏற்றார். எனினும் ஒரு சமூகத்துக்குத் தொழிற்பயிற்சி மட்டும் போதும் என்று ஒதுக்கினால், அச்சமூகத்துக்காகச் சிந்திப்பதும் முடிவெடுப்பதும் என்றென்றும் பிறர் கையில் இருக்கும் என்பது அவர் வாதம். தாராளக் கலைக் கல்வியின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை இவ்விவாதம் தெளிவாகக் காட்டுகிறது.

வட்டுக்கோட்டை செமினறி

தமிழ் மண்ணில் இக்கல்வி முறைக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறியில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், மெய்யியல் முதலியன கற்பிக்கப்பட்டன. படித்துத் தேறியவர்களில் பலர் சமய ஊழியத்துக்கு வராமல் அரசுப் பணிகளையும் பிற வேலைகளையும் நாடினர். தன் தேவைக்கு இக்கல்வி பயன்படவில்லை என்று கருதிய மிஷன் 1855-இல் செமினறியை மூடியது.

ஆனால் அங்கே படித்தவர்கள் வேறு வகையில் பயன்பட்டனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. அதன் பி.ஏ. தேர்வில் முதன்முதலில் தேறிய கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள். தாமோதரம்பிள்ளை ஆசிரியராகவும், பத்திரிகை ஆசிரியராகவும், அரசுக் கணக்குத் துறை அலுவலராகவும், வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றினார். அதனிடையே ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு, வீரசோழியத்தை 1881-இலும் கலித்தொகையை 1887-இலும் பதிப்பித்தார். இவற்றுள் எந்த ஒரு வேலைக்கும் செமினறி அவரைத் தனியாகப் பயிற்றுவிக்கவில்லை. செமினறியை நடத்தியவர்களின் தேவைக்கு மேலாக, கற்றவரின் வாழ்நாள் முழுதும் உடன் வந்தது அவர் பெற்ற கல்வி.

இந்தியாவில் இன்று

ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப்படிப்பில் பொதுக் கல்விப் பாடங்களைச் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பல துறைகளை இணைத்த நான்காண்டுப் பட்டப்படிப்பை முன்வைக்கிறது. 2010-க்குப் பின் பல தனியார் பல்கலைக்கழகங்கள் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற பெயரிலேயே படிப்புகளைத் தொடங்கியுள்ளன.

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் இம்முறையின் கூறுகள் ஏற்கெனவே உள்ளன. முதற்பகுதியில் தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாம் பகுதியில் ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும் எனப் பட்டப்படிப்பு அமைந்துள்ளது. வேதியியல் மாணவரும் தமிழ் இலக்கியம் படிக்கிறார். ஆனால் மொழிப் பாடம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்படும்போது, பாடம் இருந்தும் அதன் பயன் கிட்டுவதில்லை.

இக்கல்வியின் பயன்கள்

ஓர் ஏரியைத் தூர்வாரும் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு மண் அள்ள வேண்டும் என்பதைப் பொறியியல் சொல்லும். ஏரியின் எல்லை எது என்பதற்கு வருவாய்த் துறைப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிய வேண்டும். கரையில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களை என்ன செய்வது என்பது சட்டமும் அறமும் சார்ந்த கேள்வி. கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வருவதில்லை என்பதில் ஊரின் சாதி வரலாறும் கலந்திருக்கக்கூடும். பொறியாளர் இவை அனைத்திலும் வல்லுநராக வேண்டியதில்லை. ஆனால் இவையும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்திய ஐ.ஐ.டி.களில் பொறியியல் மாணவர்களும் மானுடவியல், சமூக அறிவியல் பாடங்களைப் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பதன் காரணம் இதுவே.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியபின் இத்தேவை கூடியுள்ளது. கட்டுரை, கணினி நிரல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் கருவி சில நொடிகளில் தந்துவிடுகிறது. தந்தது உண்மையா, வாதத்தில் ஓட்டை உள்ளதா, எதை விட்டுவிட்டது என்று சரிபார்ப்பது மனிதரின் பொறுப்பு. தருக்கம், மூல ஆவணங்களை ஒப்பிடுதல், தெளிவாக எழுதுதல் ஆகிய பழைய பயிற்சிகள் இங்கே நேரடியாகப் பயன்படுகின்றன.

விமர்சனங்களும் வரம்புகளும்

முதல் விமர்சனம் வேலைவாய்ப்புப் பற்றியது. பொறியியல், மருத்துவம், கணக்கியல் போன்ற படிப்புகளுக்கு உள்ளது போல் இதற்கு நேரான வேலை வழி இல்லை. கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய கவலையன்று.

இரண்டாவது, ஆழமின்மை. ஒவ்வொரு துறையிலும் சிறிது கற்று, எதிலும் வேரூன்றாமல் போகும் ஆபத்து உண்டு. அதனால்தான் அமெரிக்கக் கல்லூரிகளில் பொதுவாக எல்லா மாணவரும் ஏதேனும் ஒரு துறையை முதன்மையாகத் தேர்ந்து ஆழமாகப் படிக்க வேண்டும் என்ற விதி உள்ளது.

மூன்றாவது, செலவு. சிறிய வகுப்புகள், கலந்துரையாடல், ஆசிரியர் திருத்தித் தரும் எழுத்துப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பணம் தேவை. இந்தியத் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இப்படிப்புக்கு ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணம். உதவித்தொகைகள் இருப்பினும், வசதியுள்ளவருக்குச் சிந்தனைப் பயிற்சி, மற்றவருக்குத் தொழிற்பயிற்சி என்ற பழைய ரோமானியப் பிரிவினை கட்டண வடிவில் திரும்பி வரும் அபாயம் உள்ளது.

ஆகவே இக்கல்வியின் எதிர்காலம் புதிய பெயரில் தொடங்கப்படும் படிப்புகளை மட்டும் பொறுத்ததன்று. ஏராளமான மாணவர்கள் படிக்கும் அரசுக் கல்லூரிகளில் மொழிப் பாடமும் துணைப் பாடமும் எப்படிக் கற்பிக்கப்படுகின்றன, மாணவர் கேள்வி கேட்க இடம் உண்டா, எழுதியதைத் திருத்தித் தர ஆசிரியர் போதிய அளவில் உள்ளனரா என்பவற்றையே அது மிகுதியும் பொறுத்துள்ளது.